தீர்த்துக் கடுதாசியும் விவாகரத்தும்

டிக்கோயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் குடும்பப் பிணக்கு முற்றினால் அது போகும் வழி எமக்குப் பழக்கமானதே. முதலில் கோயில் தலைவர், பிறகு தொழிற்சங்கத் தலைவர், அதற்கும் மேலே போனால் பொலிஸ் நிலையம். இவற்றில் ஏதோ ஓரிடத்தில் யாராவது ஒரு தாளை எடுத்து, "இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர் விடயத்தில் மற்றவர் தலையிடமாட்டோம்" என்று எழுதுவார். இருவரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி முத்திரையும் ஒட்டுவார்கள். அன்றோடு "தீர்த்தாச்சு" என்பது லயத்துப் பேச்சு.

அப்படியொரு தாளை முந்தானையில் முடிந்துகொண்டு ஒரு தாய் எம்மிடம் வந்தார். கொழுந்து பறிப்பவர்; பிள்ளைகள் இருவர். கணவர் இன்னொரு தோட்டத்தில் இன்னொரு பெண்ணோடு இருக்கிறார். "புள்ளைகளுக்குச் செலவுக் காசு கேட்டா, அதான் தீர்த்தாச்சேன்னு சொல்றாரு சாமி" என்றார். நாம் அவரை ஒரு சட்டத்தரணியிடம் அழைத்துச் சென்றோம். அன்று கேட்டவற்றில் பல எமக்கே புதியவை. தத்துவமும் இறையியலும் ஆண்டுக்கணக்கில் கற்ற நாம், நீதவான் நீதிமன்றம் எதற்கு, மாவட்ட நீதிமன்றம் எதற்கு என்று அறியாதிருந்தோம்.

அந்தத் தாள் திருமணத்தை முறிக்காது. பொதுச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களின் விவாகத்தை மாவட்ட நீதிமன்றம் ஒன்றே கலைக்கலாம். ஆனால் தாள் ஒன்றும் செய்யாது என்றும் எண்ணிவிடக்கூடாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, கணவனும் மனைவியும் இருவரின் சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவி தனக்கெனப் பராமரிப்புக் கேட்க முடியாது. அடித்து விரட்டப்பட்ட பெண்ணைக் கூட்டிவைத்து "மனமொத்து" என்று எழுதி வாங்கும் தலைவர், அவளுடைய உரிமைக்கு எதிரான சாட்சியத்தை அவள் கையாலேயே தயார்செய்கிறார். பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார். அதுவே எமக்கு அதிக வேதனை. பிள்ளைகளின் உரிமை மட்டும் எந்தத் தாளாலும் போகாது. பெற்றோர் மணமுடிக்காதவர்களாயினும் பிள்ளைக்கு அவ்வுரிமை உண்டு.

இன்னொன்று. செலவுக் காசு பெற விவாகரத்து வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. பராமரிப்பு மனு நீதவான் நீதிமன்றத்துக்கு உரியது. விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. அடி உதை இருந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளையும் நீதவானிடமே கேட்கலாம். காயத்தோடு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாமல் உண்மையைச் சொன்னால், அந்தப் பதிவு பின்னர் நீதிமன்றத்தில் பேசும்.

விவாகரத்துக்கு 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் காட்டும் காரணங்கள் மூன்றே: திருமணத்தின் பின் பிறரோடு கூடா ஒழுக்கம், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லுதல், மணக்கும் வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்ற இயலாமை. "இரண்டு பேருக்கும் சம்மதம்" என்பது இவற்றில் இல்லை. ஆனால் அருகிலுள்ள கிராமத்தில் கண்டிச் சட்டப்படி மணந்த சிங்களக் குடும்பத்தார் இருவரின் சம்மதத்தோடு மாவட்டப் பதிவாளரிடமே விவாகரத்துப் பெறுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அது 1952ஆம் ஆண்டின் தனிச் சட்டம்; எமது தோட்ட மக்களுக்கு அது பொருந்தாது.

வீட்டை விட்டு வெளியேறியவர்தான் கைவிட்டவர் என்றும் இல்லை. கொடுமை தாங்காமல் மனைவி தாய்வீடு போனால், அவளைப் போகச் செய்த கணவனே கைவிட்டவன் என்று நீதிமன்றம் கொள்ளலாம். இதை எடுத்துக்காட்டி வாதிடத்தான் சட்டத்தரணி தேவை. முதல் தீர்ப்பாணை கிடைத்த பின்னும் குறைந்தது மூன்று மாதம் சென்றே அது இறுதியாகும். அதற்குள் மறுமணம் செய்தால் அது செல்லாது. தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமும் ஆகும்.

விவாகப் பதிவே இல்லாத தம்பதியர் எம்மிடையே ஏராளம். கோயிலில் தாலி கட்டியதோடு சரி. "பதியவில்லையே, பிறகு என்ன விவாகரத்து?" என்று ஆண்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். முறைப்படி சடங்கு நடந்து, ஊரார் கணவன் மனைவியென ஏற்று வாழ்ந்திருந்தால் அதையும் திருமணமென நீதிமன்றம் கொள்ளலாம். இதற்கு நிழற்படம், சாட்சிகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை உதவும்.

குருவானவர் விவாகரத்து வழக்கைப் பற்றி எழுதலாமா என்று கேட்போருக்கு ஒரு சொல். திருச்சபையின் நீதிமன்றம் ஒரு திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது எனத் தீர்ப்பளித்தால், நாட்டின் சட்டம் அதை விவாகரத்தாக ஏற்பதில்லை. நாட்டின் விவாகரத்தும் திருச்சபையின் திருமணப் பிணைப்பை அவிழ்ப்பதில்லை. இரண்டும் வெவ்வேறு கதவுகள். பிள்ளைக்குப் பால்மா வாங்கக் காசு கேட்கும் தாயை எந்தக் கதவிலும் நிறுத்திவைக்க எமக்கு மனமில்லை.

சட்டத்தரணியிடம் போகும்போது விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, எழுதிக் கொடுத்த அந்தத் தாள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கட்டணம் எவ்வளவு, எதற்கு என்று முதல் நாளே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. வசதியில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மனுவைத் தமிழிலேயே கொடுக்கவும், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. விளங்காத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

லயத்து அறையைப் பற்றி எந்தச் சட்டத்தரணியும் அதிகம் நம்பிக்கை தருவதில்லை. அது கணவனின் சொத்துமல்ல, மனைவியின் சொத்துமல்ல. பெயர் யாருடையதோ அவரே இருப்பார் என்ற வழக்கத்தால், வழக்கில் வென்ற பெண்ணும் அண்ணன் வீட்டு இஸ்தோப்பில் படுக்கிறாள். இங்கேதான் தொழிற்சங்கத் தலைவர்கள் தாள் எழுதும் நேரத்தைச் செலவிட வேண்டும்: தோட்ட நிர்வாகத்தோடு பேசி, தாயும் பிள்ளைகளும் அதே அறையில் இருக்க வழி செய்யலாம்.

முந்தானையில் தாளோடு வந்த அந்தத் தாய் பிள்ளைகளுக்காக மனுச் செய்தார். கணவர் இரண்டு தவணை வரவில்லை. மூன்றாம் தவணைக்கு வந்தார். கட்டளை கிடைத்தும் பணம் வராததால், சம்பளத்திலேயே பிடிக்கும்படி மீண்டும் கேட்டார். இப்போது கணவர் வேலை செய்யும் தோட்டத்துக் காரியாலயம் மாதாமாதம் பிடித்து அனுப்புகிறது. விவாகரத்து வழக்குப் போடுவதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.