பிஞ்சுக்கு விலை பேசலாமா?

மட்டக்குளியில் இருபத்தெட்டு வருடங்களாக ஹாட்வெயார் கடை நடத்தி வருகிறேன். ஆணி, பைப், பெயின்ட் என்று எந்தச் சாமானைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாலும் தொட்டுப் பார்த்து விலை சொல்லிவிடுவேன். ஆனால் போன மாதம் ஒருவர் கொண்டுவந்த சாமானுக்கு மாத்திரம் என்னால் விலை சொல்ல முடியவில்லை. அது ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் வலது கை.

பிள்ளை எமது பகுதியைச் சேர்ந்தவன். வாப்பா த்ரீவீலர் ஓட்டுகிறார். பாடசாலை அணியில் வேகப்பந்து வீசுகிறான். கடைக்கு வந்தவர் தன்னை விளையாட்டு ஏஜென்ட் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். கையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஆறு வியாபாரிகள் தலைக்கு மூன்று இலட்சம் ரூபா போட வேண்டும். பிள்ளையை வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். பின்னர் பத்து வருடங்களுக்கு அவன் கிரிக்கெட்டில் உழைப்பதில் முப்பது வீதம் எங்களுக்கு. உயர்தரப் படிப்பை இப்போதே நிறுத்திவிட வேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனை.

"ஹாஜியார், இவன் 140 போடுறான். ரெண்டு வருஷத்துல ஐ.பி.எல். தான். பத்திரனவுக்கு என்ன விலை போனது தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும். கண்டி திரித்துவக் கல்லூரி மாணவரான மதீஷ பத்திரனவை 2022 ஆம் ஆண்டு சென்னை சுப்பர் கிங்ஸ் அணி 20 இலட்சம் இந்திய ரூபாவுக்குச் சேர்த்துக்கொண்டது. 2025 ஆம் ஆண்டுப் போட்டிக்கு அதே அணி 13 கோடி கொடுத்து அவரைத் தக்கவைத்தது. 2025 டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் 18 கோடிக்கு வாங்கியது. 20 இலட்சம் 18 கோடியாவதைக் கேட்டால் எந்த வியாபாரிக்குத்தான் நாவூறாது? எனக்கும் ஊறியது. பேனையைக் கையில் எடுத்தும் விட்டேன்.

கையெழுத்துப் போடாமல் என்னைத் தடுத்தது ஒரு பழைய கணக்கு. பதினைந்து வருடங்களுக்கு முன்னர் என் தங்கையின் மகனும் இப்படித்தான் வேகமாகப் பந்து வீசினான். "படிப்பை விடு, செலவை நான் பார்க்கிறேன்" என்று சொன்னவன் நான். தங்கை தயங்கினாள், நான்தான் சமாளித்தேன். பாடசாலைக்கும் வீசினான், கழகத்துக்கும் வீசினான், ஞாயிறு தோறும் சொப்ட்போல் சுற்றுப்போட்டியிலும் வீசினான். யாரும் கணக்கு வைக்கவில்லை. பத்தொன்பது வயதில் முதுகெலும்பில் வெடிப்பு. உயர்தரமும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. இன்று கட்டாரில் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கிறான். இன்றுவரை அவன் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

எனவே இம்முறை விலை பேசுமுன் சாமானைப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். மூன்று நாட்கள் காலையில் காக்கைதீவுப் பக்கம் போய், அந்தப் பிள்ளை பந்து வீசுவதை உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததையும் விசாரித்ததையும் வியாபாரிகளாகிய உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, இந்த 140 என்ற எண். யார் அளந்தது? எதனால் அளந்தது? ஏஜென்டின் கைத்தொலைபேசியால் என்பது பின்னர்தான் தெரிந்தது. கடைத் தராசுக்கே முத்திரை குத்திவைத்திருக்கும் நாம், இலட்சக்கணக்கில் கொடுக்கும் போது தராசைப் பற்றிக் கேட்க வேண்டாமா? 2020 ஜனவரியில் தென்னாபிரிக்காவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில், இந்தியாவுக்கு எதிராக இதே பத்திரன வீசிய ஒரு பந்தின் வேகம் மணிக்கு 175 கிலோமீற்றர் என்று தொலைக்காட்சித் திரையில் காட்டப்பட்டது. உலக சாதனையோ 2003 உலகக் கிண்ணத்தில் சொஹைப் அக்தர் வீசிய 161.3 தான். கருவியின் கோளாறு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சர்வதேசப் போட்டியின் கருவியே பிழைக்கும் என்றால், கைத்தொலைபேசியை என்னவென்பது?

இரண்டாவது, எண் சரியாகவே இருந்தாலும் வேகம் என்பது சாமானின் ஒரு பக்கம் மாத்திரமே. இதை நன்றாகப் படித்து வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய பேஸ்போல் ஆட்டத்தில் பந்தை எறிபவரின் கைதான் கோடிக்கணக்கில் விலை போகும். இளம் பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராக அலைவதற்கென்றே அங்கு கழகங்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கின்றன. அவர்கள் 20 இலிருந்து 80 வரை புள்ளி போடுவார்கள். வேகத்துக்கு ஒரு புள்ளி, வளைந்து செல்லும் பந்துக்கு ஒன்று, மெதுவான பந்துக்கு ஒன்று, நினைத்த இடத்தில் போடும் திறமைக்கு ஒன்று எனத் தனித்தனியாக. ஒன்றில் 80 எடுத்து மற்றதில் 30 எடுத்தால் யோசிப்பார்கள்.

அப்படி அளந்தும் என்ன நடந்தது என்பதற்கு எமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. ஜே.பி. பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க விளையாட்டு ஏஜென்ட் இந்தியாவுக்கு வந்து, வேகமாகப் பந்து எறியக்கூடியவர்களைத் தேடி ஒரு தொலைக்காட்சிப் போட்டி நடத்தினார். 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குபற்றினார்கள். 2008 இல் வென்றவர் ரிங்கு சிங், உத்தரப் பிரதேசத்து லொறிச் சாரதி ஒருவரின் மகன். ஈட்டி எறிந்து பழகியவர். அவர் எறிந்த பந்தின் வேகம் மணிக்கு 140 கிலோமீற்றர், எமது ஏஜென்ட் சொன்ன அதே எண். அவரும் தினேஷ் பட்டேல் என்ற இளைஞரும் அமெரிக்காவுக்குச் சென்று, சிறந்த பயிற்சி பெற்று, அவ்வருடம் நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகத்தில் ஒப்பந்தமானார்கள். 2014 இல் டிஸ்னி நிறுவனம் இதைத் திரைப்படமாகவும் எடுத்தது.

படம் முடிந்த பின்னர் உள்ள கதையைத்தான் நாம் கேட்க வேண்டும். தினேஷை 2010 இல் கழகம் விடுவித்தது. ரிங்கு கீழ்மட்ட அணிகளில் சில வருடங்கள் ஆடினார். முழங்கைக் காயத்தால் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. 2018 இல் மல்யுத்தக் காட்சி நிறுவனத்தில் சேர்ந்தார். 37 ஆயிரம் பேரில் பொறுக்கி எடுத்த இருவரில் ஒருவர்கூட அமெரிக்காவின் உயர்மட்டப் போட்டியில் ஒரு பந்து எறியவில்லை. அவர்கள் சோம்பேறிகளல்ல. இந்தச் சரக்கின் தன்மை அப்படி.

மூன்றாவது, உடம்பு. அமெரிக்காவில் 2014 இல் வெளியிட்ட ஒழுங்கின்படி, 17, 18 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 105 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 80 ஐத் தாண்டினால் நான்கு நாட்கள் ஓய்வு. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளருக்குத் தோளோடு முதுகும் போகும். நான் பார்த்த மூன்று நாட்களிலும் பிள்ளையின் ஆறாவது ஓவரில் வேகம் குறைந்தது, இடது தோள் சரிந்தது. ஏஜென்ட் இதைக் கவனிக்கவேயில்லை. "இன்னொன்று போடு, வீடியோ எடுக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்காவது, பொறுமையும் படிப்படியான ஏற்றமும். லசித் மாலிங்க ரத்கம கடற்கரையில் சொப்ட்போல் ஆடிய பிள்ளை. சம்பக்க ராமநாயக்க அவரைக் கண்டெடுத்து, அந்த வினோதமான கைவீச்சைக் கெடுக்காமல் வளர்த்தார். 2004 இல் டெஸ்ட் ஆடினார். எம்மவரான பர்வீஸ் மஹ்ரூப் வெஸ்லி கல்லூரியில் ஆடி, 2004 இல் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தலைமை தாங்கி, தேசிய அணிக்கு வந்தவர். 2006 இல் மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 14 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். மொஹமட் சிராஸுக்கு முதல் சர்வதேசப் போட்டி கிடைத்தது 2024 ஆகஸ்டில், 29 வயதில். பத்திரனவும் டில்ஷான் மதுஷங்கவும் காயமடைந்ததால் வந்த வாய்ப்பு அது. அத்தனை வருடம் உடம்பையும் மனதையும் தயாராக வைத்திருந்தவருக்கே அது பயன்பட்டது. இதில் எங்கே இருக்கிறது "ரெண்டு வருஷம்"?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தின்படி சேரும் 18 இலட்சத்தில் 3 இலட்சம் ஏஜென்டின் கூலி, அதுவும் முதலில். பிள்ளை வென்றாலும் தோற்றாலும் அவருக்கு இலாபம். அப்படிப்பட்டவர் சொல்லும் விலையை நம்பி நாம் ஒரு மூட்டை சீமெந்தாவது வாங்குவோமா? பிள்ளைக்கு இன்னும் 18 வயது நிறையவில்லை. கையெழுத்துப் போடப்போவது வாப்பா. மகனின் பத்து வருட உழைப்பை வாப்பா எப்படி விற்க முடியும்? காய் முற்றித் தெரியவரும் முன் தோட்டத்தை விலை பேசுவதை எமது மார்க்கம் விலக்கியதன் காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். விளையாத போது ஒருவர் மற்றவரின் பணத்தைத் தின்ற கணக்காகிவிடும். பிஞ்சு மாங்காய்க்கு உள்ள பாதுகாப்பு பிஞ்சுப் பிள்ளைக்கு வேண்டாமா?

நண்பர் ஒருவர் என்னோடு தர்க்கித்தார். "பங்கு இல்லாவிட்டால் யார் காசு போடுவார்கள்? தர்மம் இரண்டு மாதத்தில் வற்றிவிடும், கடைசியில் பிள்ளைதான் நடுத்தெருவில் நிற்பான்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் பிழையல்ல. ஆர்வத்தில் தொடங்கி அரைவாசியில் கைவிட்ட காரியங்கள் எம்மிடம் ஏராளம். அதனால்தான் தர்மமாகவும் பங்காகவும் இல்லாமல், கடைச் செலவாக எழுதிவைத்தோம். மூன்று பேர் இரண்டு வருடங்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்குகிறோம். சப்பாத்து, போஷாக்கான சாப்பாடு, பஸ் செலவு, முதுகைப் பரிசோதிக்க நல்ல வைத்தியர். எங்கள் நிபந்தனைகள் இரண்டே: உயர்தரப் பரீட்சை எழுத வேண்டும், வாரத்தில் எத்தனை பந்து வீசினான் என்று ஒரு கொப்பியில் எழுதி வாப்பா கையெழுத்து வைக்க வேண்டும். திருப்பித் தர வேண்டியது எதுவுமில்லை.

பிள்ளைக்குத் திறமை இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது வேகமல்ல. மூன்றாம் நாள், ஓடிவரும் தூரத்தைக் குறைத்துப் பார் என்று ஒரு பெரியவர் சொன்னார். அவன் முகம் சுளிக்காமல் கேட்டான், அடுத்த ஓவரிலேயே செய்து பார்த்தான். சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் பிள்ளை கிரிக்கெட்டில் தோற்றாலும் வாழ்க்கையில் தோற்கமாட்டான்.

ஏஜென்ட் கோபித்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அதே ஒப்பந்தத்துடன், வேறொரு பிள்ளையின் வீடியோவோடு, கொட்டாஞ்சேனைப் பக்கம் கடை கடையாக ஏறுவதாகக் கேள்வி. அந்தக் கடைக்காரச் சகோதரர்களுக்காகவே இதை எழுதினேன். கையெழுத்துப் போடுமுன் மைதானத்துக்குப் போய் மூன்று காலைகள் உட்காருங்கள். ஆறாவது ஓவர் வரை எழும்பாதீர்கள்.