ஒரே ஒரு நாள் வந்த விளம்பரம்

விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தேன் என்றால், "படம் வரைவீங்களா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை. எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி, எத்தனை சென்டிமீட்டர் என்று ரிலீஸ் ஆர்டர் போடும் மீடியா பிரிவில் இருந்தேன். மவுண்ட் ரோடில் 26 வருஷம்.

விருதுக்கு அனுப்பும் கடைசித் தேதி நெருங்கினால் மேல்மாடியிலிருந்து ஒரு டிசைன் இறங்கி வரும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். "சார், இதை எங்கயாவது ஒரு நாள் போட்டுடுங்க. ரேட் கம்மியா இருக்கணும்." ஏதாவது ஒரு சின்னப் பத்திரிகையின் உள்பக்கத்தில் போடுவேன். வவுச்சர் காப்பி வந்ததும் மேலே அனுப்புவேன். வெளியானதற்கு அத்தாட்சி தயார்! அந்தப் பொருள் அந்த ஊர்க் கடைகளில் கிடைக்கவே கிடைக்காது. கிளையண்டுக்கு பில்லும் போகாது. எங்கள் கம்பெனியே கட்டிவிடும். ஒரு தடவை பரிசு வந்து, எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

அதே வருஷம் எங்கள் சோப்புத் தூள் விளம்பரம் மாதக்கணக்கில் வந்தது, சரக்கும் நன்றாக ஓடியது. அதை யாரும் போட்டிக்கு அனுப்பவில்லை. பார்க்கச் சாதாரணமாக இருந்ததாம்.

நடுவர்களைக் குறை சொல்லவில்லை. பெரும்பாலும் இதே தொழிலில் இருப்பவர்கள். தன் கம்பெனி விளம்பரத்துக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது என்று விதி உண்டு. முதலில் மார்க், பிறகு ஷார்ட்லிஸ்ட், கடைசியில் ஓர் அறையில் உட்கார்ந்து வாதம். எல்லாம் சரிதான். ஆனால் பல பிரிவுகளில் அவர்கள் முன்னால் ஓடுவது விளம்பரம் அல்ல. அது என்னவெல்லாம் சாதித்தது என்று போட்டியாளரே எடுத்து அனுப்பும் இரண்டு நிமிஷப் படம். பெண் பார்க்கப் போனவர்கள் போட்டோ ஆல்பத்தைப் பார்த்துவிட்டுத் தட்டு மாற்றிய கதை.

2025இல் கான் லயன்ஸில் பிரேசிலின் டிஎம்9 நிறுவனம் வாங்கிய கிராண்ட் பிரி திரும்பப் போனது. அனுப்பிய படத்தில் செயற்கை நுண்ணறிவால் மாற்றிய செய்திக் காட்சிகள் இருந்தன. பரிசு கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

நியூயார்க்கின் ஒன் ஷோ 2009லேயே ஒரு விதி போட்டது. ஏஜென்சியே காசு கட்டி ஒரே ஒரு தடவை வெளியிட்ட விளம்பரத்தை அனுப்பினால் 3 வருஷம் தடை. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போட்ட ஆர்டரைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது!

விருதே வேண்டாம் என்பவர்கள் கட்சியில் நான் இல்லை. அந்த ஆசை இல்லாவிட்டால் பையன்கள் புதிதாக எதையும் யோசிக்க மாட்டார்கள். ஆனால் படத்தைப் போடுவதற்கு முன்னால் நடுவர்கள் இரண்டு காகிதம் கேட்கட்டும்: எத்தனை நாள், எந்த ஊர்களில் வந்தது என்ற பட்டியல், கிளையண்ட் பணம் கட்டிய பில். பில் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

இதைப் பழைய ஆபீஸ் நண்பரிடம் போனில் சொன்னேன். "அப்படிக் கேட்டிருந்தா அந்த ஸ்வீட் பாக்ஸ் நமக்கு ஏதுய்யா?" என்று சிரிக்கிறார்.