இளம் வீரனை அளக்குங் கோல்

கல்வியும் விளையாட்டும் ஒரு கல்லூரிக்கு இரு கண்கள் எனக் கூறுதல் நம்மவர்க்கு வழக்கம். பரிசளிப்பு விழாக்களில் அச்சொல் ஒலியாத மேடை அரிது. ஆயினும் ஒரு கண்ணுக்கு உள்ள பொறுமை மற்றைக் கண்ணுக்கு இல்லை. கணித பாடத்திலே முதலாந் தவணையில் முப்பது புள்ளி பெற்ற மாணவனுக்கு இரண்டாந் தவணையையும் மூன்றாந் தவணையையும் கொடுத்துப் பார்க்கின்றோம். பிறிதொரு பாடசாலையிலிருந்து பெயர்ந்து வந்து நம் அணியிற் சேர்ந்த இளைஞன் மூன்று ஆட்டங்களிற் சோர்ந்தானாயின், "இவனிடம் ஒன்றுமில்லை" என்று மைதானத்து வேலியோரத்திலேயே தீர்ப்பளித்து விடுகின்றோம். அத்தீர்ப்பு நேரியதுதானா, அதனை வழங்குமுன் நோக்கற்பாலன எவை என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருள்.

கடல்கடந்த நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றை முதலிற் காண்போம். அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்து அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிந்தெடுக்கும். பின்னர் வேண்டியபோது அவர்களைத் தம்முள் மாற்றியுங் கொள்ளும். 2017ஆம் ஆண்டில் யாவர்க்கும் முதல்வராகத் தெரியப்பட்டவர் மார்க்கெல் ஃபுல்ட்ஸ் என்பவர். அப்பொழுது அவருக்கு வயது 19. அவரைப் பெறும்பொருட்டுப் பிலடெல்பியா அணி, தனக்குரிய மூன்றாவது தெரிவோடு பின்வரும் ஆண்டொன்றின் முதற்சுற்றுத் தெரிவையும் பொஸ்ரன் அணிக்கு விட்டுக்கொடுத்தது. இத்துணை விலைகொடுத்துப் பெற்ற வீரருக்குப் பந்தெறியுங் கை பிறழ்ந்தது. எவரும் மறியாதிருக்க நின்ற நிலையில் எறியும் எறிகையிலும் அவர் கை இடைவழியிலே தயங்கி நின்றது. இரண்டு பருவங்களில் அவ்வணிக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 33 மாத்திரமே. அவருடைய எறிகையைப் படம்பிடித்துப் பார்த்து உலகம் நகைத்தது. குற்றம் மனத்திலேயே உள்ளது என்றனர் பலர். 2018ஆம் ஆண்டு டிசம்பரில், கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் நரம்புகள் நெருக்குண்ணும் நோயொன்று அவருக்கு உண்டென்று மருத்துவர் கண்டனர். அடுத்த பெப்ரவரியிற் பிலடெல்பியா அவரை ஒலாண்டோ அணிக்குக் கைமாற்றியது.

புதிய அணி அவரை உடனே களத்தில் இறக்கவில்லை. எஞ்சிய பருவம் முழுவதும் அவரை இருத்தி வைத்துக் கை தேறவிட்டது. 2019-20ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் 72 ஆட்டங்கள் ஆடினார். ஆட்டமொன்றுக்குச் சராசரி 12 புள்ளிகள் எடுத்தார். ஆயினும் தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிகை அவருக்குப் பின்னரும் நன்கு வாய்க்கவில்லை. 2021ஆம் ஆண்டு சனவரியில் முழங்காலிலும் பெருங்காயம் உற்றார். எனவே, 2017இல் அவரை முதல்வர் என்றவர் கணிப்பும் பொய்த்தது. 2018இல் அவர் முடிந்துபோனார் என்றவர் தீர்ப்பும் பொய்த்தது. உலகப் பெருவீரராக அவர் ஆகவில்லை. ஓர் அணிக்குப் பயன்படும் நல்ல வீரரானார். இந்த நடுவுண்மை வெளிப்பட்டமைக்குக் காரணம், நோயின் மூலம் காணப்பட்டமையும் அவருக்குக் காலம் கொடுக்கப்பட்டமையுமே.

கனடா நாட்டு ஸ்ரீவ் நாஷ் என்பாரும் 1998ஆம் ஆண்டில் பீனிக்ஸ் அணியிலிருந்து டலஸ் அணிக்கு மாற்றப்பட்டவர். அடுத்த பருவத்தில் அவர் எறிந்த நூற்றில் முப்பத்தாறளவே கூடையில் வீழ்ந்தன. சொந்த மைதானத்தில், சொந்த அணியின் ஆர்வலரே அவரை நோக்கிக் கூச்சலிட்டனர். அவரே பின்னாளிற் பீனிக்ஸ் அணிக்கு மீண்டு, 2005, 2006 ஆகிய ஈராண்டுகளிலும் அச்சங்கத்தின் மிகச் சிறந்த வீரர் என்னும் விருதைப் பெற்றார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மாவன் அத்தபத்து 1990ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு எதிராகத் தமது முதலாவது ரெஸ்ற் போட்டியை ஆடினார். அதிலும் 1992, 1994 ஆகிய ஆண்டுகளில் ஆடிய அடுத்த இரு போட்டிகளிலுமாக ஆறு முறை துடுப்பெடுத்தாடி அவர் பெற்ற மொத்த ஓட்டம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் இல்லாதிருப்பின் ஆறும் சூனியம். அம்மனிதரே 90 ரெஸ்ற் போட்டிகளில் 5,502 ஓட்டங்களையும் ஆறு இரட்டைச் சதங்களையும் குவித்து, இலங்கை அணிக்குத் தலைமையும் தாங்கினார்.

எண்கள் பொய் சொல்வதில்லை. எந்த எண்ணைக் கேட்கின்றோம் என்பதிலேதான் பிழை உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் இந்தியப் பிறீமியர் லீக்கில் ஐதராபாத் அணிக்காக முதன்முதற் களமிறங்கினார். அன்று அவர் வீழ்த்திய இலக்கு ஒன்றுமில்லை. அதுமட்டும் கண்டவர் அவர் தோற்றார் என்பர். அவர் வீசிய நான்கு ஓவர்களிற் கொடுத்த ஓட்டங்கள் 27. எதிரணியாகிய லக்னோ 20 ஓவர்களில் எடுத்த ஓட்டங்கள் 165. அஃதாவது, ஓவருக்கு எட்டுக்கு மேல் ஓட்டம் ஓடிய ஆட்டத்தில் ஏழுக்குக் குறைவாகவே அவர் கொடுத்தார். அந்நியச் சூழலில் முதல் நாள் ஆடியவருக்கு இது தோல்வியாகுமா?

இவ்விடத்து ஒரு தடை எழும். "காத்திருந்து வென்றவர் பெயர்களை மட்டும் அடுக்குகின்றீர், காத்திருந்தும் தேறாதவர் எத்தனை பேர்? அவர் பெயரை எவர் எழுதிவைத்தார்?" என்பர். தடை தக்கதே. சோர்ந்த இளைஞர் எல்லாரும் அத்தபத்து ஆகார். ஆதலால், பொறுமை மாத்திரம் போதாது. ஆராய்ச்சியோடு கூடிய பொறுமையே வேண்டுவது.

திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என 51ஆம் அதிகாரத்தை வகுத்தவர், அதனையடுத்துத் தெரிந்துவினையாடல் என 52ஆம் அதிகாரத்தை வேறாக வகுத்தார். ஒருவனைத் தெரிந்தெடுத்தல் வேறு. தெரிந்தெடுத்தவனை அவனுக்கேற்ற வினையில் அமர்த்துதல் வேறு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதை மறப்பதே நம் மைதானங்களில் நிகழும் பெருங்குறை. தன் பாடசாலையிற் கூடையின் கீழ் நின்று ஆடிய நெடியவனை இங்கே கொணர்ந்து, பந்தை நடத்திச் செல்லும் பணியைக் கொடுக்கின்றோம். அவன் தடுமாறும்போது தெரிவு பிழைத்தது என்கின்றோம். பிழைத்தது தெரிவன்று, வினையாடலே.

ஆகவே, தீர்ப்புக்கு முன் நான்கு வினாக்களை எழுப்புதல் நலம். அவனுக்குப் பழகிய வினை அவனுக்குக் கொடுக்கப்பட்டதா? உடம்பில் நோயோ, உண்டியிலும் உறையுளிலும் குறையோ, வீட்டு நினைவால் வருத்தமோ உண்டா? அவனிடத்துக் காணும் பிழை, கற்பித்தால் திருந்தும் பிழையா, இயல்பிலேயே அமைந்த குறையா? ஈற்றில், சென்ற திங்களிலும் இத்திங்கள் ஓரணுவேனும் ஏற்றம் உண்டா? இந்நான்கனுள் இறுதியதே தலையாயது. ஒருவன் இன்று நிற்கும் உயரத்திலும் அவன் செல்லுந் திசையே அவன் ஆற்றலை நன்கு காட்டும்.

நம் தோட்டக்காரரை நோக்குவோம். நாற்றுமேடையிலிருந்து பெயர்த்து நட்ட புகையிலைக் கன்று மறுநாள் தலைசாய்ந்து கிடக்கும். அதனைக் கண்டு எவரும் பிடுங்கி எறிவதில்லை. நிழல் செய்து, வேர் பற்றும்வரை நீர் வார்ப்பர். அதேவேளை, வேர் பற்றாது பட்டுப்போன கன்றுக்காகப் பருவம் முழுவதும் நீரிறைப்பவரும் இலர். எத்துணை நாட் பொறுத்தல் வேண்டும் என்னும் கணக்கு அவரிடம் உண்டு. நம்மிடமும் அக்கணக்கு இருத்தல் வேண்டும். ஒரு முழுப் பருவமும் அதற்கு முந்திய பயிற்சிக் காலமும் குறைந்த அளவு என்பது நம் கருத்து.

"ஐந்தாண்டு இங்கேயே பயின்ற பிள்ளையின் இடத்தை வந்தவன் பறிப்பதா?" என்பது பிறிதொரு தடை. பறித்தல் ஆகாது. இன்று நன்றாக ஆடுபவனே இன்றைய ஆட்டத்துக்கு உரியவன். பொறுத்தல் என்பது முதலணியில் நிறுத்துதல் அன்று. இரண்டாம் அணியில் ஆடவிடுதலும் பயிற்சியிலிருந்து பெயரை நீக்காமையுமே அதற்குப் போதும்.

இவையெல்லாவற்றினும் பெரிதொன்று உண்டு. மேனாட்டு வீரருக்குச் சம்பளமும் உடன்படிக்கையும் உள. நம் மாணவனுக்கோ அவை இல்லை. கேடயம் ஒன்றை வெல்லும் ஆசையால், தீவகத்திலோ வன்னியிலோ ஒரு சிறு பாடசாலையிலிருந்து நல்லாட்டக்காரன் ஒருவனைப் பெரிய கல்லூரியொன்று அழைத்துக்கொள்ளுதல் உண்டு. அவன் தனக்குக் கற்பித்த ஆசிரியரையும் உடன்பயின்ற தோழரையும் விட்டு வருகின்றான். ஆட்டம் பிழைத்தால், பாராட்டிய வாய்கள் மூடிக்கொள்ளும். உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது அவன் பழைய பாடசாலைக்கும் உரியவனல்லன். புதிய கல்லூரிக்கும் வேண்டாதவன். அவன் எறிந்த பந்து கூடையில் வீழாமை அவன் கல்வியை இழத்தற்குக் காரணமாதல் எவ்வாறு அறமாகும்?

பழைய மாணவர் பெருமக்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. ஆடுகளத்துக்கும் கேடயத்துக்கும் பொருள் ஈகின்ற நீங்கள், விளையாட்டின் பொருட்டு இங்கு வந்த மாணவன் ஒவ்வொருவனுக்கும், அவன் அணியில் இருப்பினும் இல்லாவிடினும், உயர்தரப் பரீட்சை முடியும்வரை விடுதிச் செலவும் பாடநூலும் கிடைக்க ஒரு நிதி அமைத்தல் வேண்டும். அவ்வுறுதி தரமுடியாத ஆண்டில் வெளியிலிருந்து ஒருவரையும் அழையாதிருத்தலே நேர்மை. மாணவரே, உங்களுக்கும் ஒன்று சொல்வோம். புதியவன் பந்தைத் தவறவிடும்போது நீங்கள் எழுப்பும் கூச்சல் அவனுடைய அடுத்த எறிகையையும் சேர்த்துக் கெடுக்கும். ஆசிரியராகிய நம்மவரோ, வகுப்பறையில் உள்ள பொறுமையை மாலையில் மைதானத்துக்கும் உடன்கொண்டு செல்வோமாக.

கல்லூரியின் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையிற் பெற்ற கேடயங்களை எண்ணுகின்றோம், எண்ணுதல் தகும். அவற்றோடு, நம்மை நம்பி வந்து ஆட்டத்தில் தோற்ற பிள்ளைகள் எத்தனை பேர் கல்வியில் தோலாது வெளிச்சென்றனர் என்பதனையும் எண்ணத் தொடங்குவோமாக.