அனுதாபம் திறனாய்வாகாது: வங்காளச் சுயாதீனத் திரைப்படமும் அதன் விமர்சகரும்

பெருந் தயாரிப்பாளரின் தயவின்றி வங்காள மொழியில் எடுக்கப்படும் திரைப்படங்களைப் பற்றிய விமர்சனங்களுட் பல மூன்று கேள்விகளோடு முடிந்துவிடுகின்றன. எவ்வளவு குறைந்த பணத்தில் எடுக்கப்பட்டது? எத்துணை இடர்களுக்கிடையில் முடிக்கப்பட்டது? எந்த வெளிநாட்டு விழாவிற் காட்டப்பட்டது? படம் யாது கூறுகிறது, அதனை எவ்வாறு கூறுகிறது என்னும் நான்காவது கேள்வி அரிதாகவே எழுகிறது. இத்தகைய எழுத்து திறனாய்வன்று, நற்சான்றிதழ் வழங்கலே.

முதலில் விழாப் பரிசு என்னும் அளவுகோலை நோக்கலாம். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யின் பெருமையை நிலைநாட்டியது 1956இன் கான் விழாவே என்பர். ஆனால் 1955இலேயே கல்கத்தா மக்கள் கொட்டகைகளை நிறைத்து அதனை ஏற்றுக்கொண்டுவிட்டனர். பொதுமக்கள் கண்டுகொண்டதை அறிவதற்கு ஐரோப்பாவின் முத்திரைக்காகக் காத்திருப்பவர் விமர்சகராகார்.

காத்திருப்பின் விளைவை ரித்விக் கட்டக்கின் வாழ்வு உணர்த்தும். 1952இல் முடிக்கப்பட்ட அவரது ‘நாகரிக்’, அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1977இலேதான் திரைக்கு வந்தது. ‘மேகே டாக்கா தாரா’ (1960) மிகையுணர்ச்சிப் படமென்று குறை கூறப்பட்டது. நீதாவின் துயரம் உச்சமடையும் வேளையிற் கேட்கும் சவுக்கடியோசை, நாட்டுப் பிரிவினையால் வேரறுந்த ஒரு சமூகத்தின் மீது விழுந்த அடியாகும். அங்கு மிகை என்பது கலைஞனின் தவறன்று, வரலாற்றின் அளவு.

ஆதித்ய விக்ரம் சென்குப்தாவின் ‘ஆஷா ஜாவார் மாஜே’ (2014) வெனிஸிற் காட்டப்பட்டது என்று எழுதுவதால் வாசகன் பெறுவது யாது? பகலில் மனைவியும் இரவிற் கணவனுமாக உழைக்கும் ஓர் இல்லத்தில், உரையாடல் ஏறத்தாழ முற்றாகவே நீக்கப்பட்டது ஏன்? அம்மௌனம் உழைப்பின் கொடுமையைப் புலப்படுத்துகிறதா, அன்றி அழகுபடுத்திவிடுகிறதா? விமர்சனம் தொடங்கவேண்டிய இடம் இதுவே.

‘சிறு படங்கள் சில நாள்களே திரையில் நிற்கின்றன, கண்டித்தால் மடிந்துவிடும்’ என்று வாதிடுவோர் உளர். இவ்வாதத்தில் நல்லெண்ணம் உண்டு, நியாயம் இல்லை. வெறும் புகழுரையை நம்பி ஒருமுறை ஏமாந்த பார்வையாளன் அடுத்த நல்ல படத்துக்கும் வரமாட்டான். தன் குறை அறியாத கலைஞனும் வளரமாட்டான். அனுதாபம், சமமாக மதிக்க மறுப்பதன் மற்றொரு பெயரேயாகும்.

1965இல் மிருணாள் சென்னின் ‘ஆகாஷ் குசும்’ குறித்து அவருக்கும் ராய்க்குமிடையே ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் கடும் விவாதம் நிகழ்ந்தது. அதனால் வங்காளத் திரைப்படம் சிறுமையடையவில்லை. ‘கல்கத்தா 71’ (1972) போன்ற படங்களைச் சென் எடுப்பதற்கு அது தடையாகவும் இருக்கவில்லை. கலைஞனைத் தன் நிகராகக் கருதுபவனே அவனோடு வாதிடுவான். இன்றைய சுயாதீனக் கலைஞர்க்கு விமர்சகர் செலுத்தவேண்டிய கடனும் அதுவே.