‘பேக்கப் இருக்கு சார்...’ சரி, திரும்ப வருமா?

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் இணையதளம் ஒருநாள் காலையில் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்டேட் போட்டதில் கோளாறாக இருக்கலாம். யாராவது உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரங்களை நிரப்பியிருக்கலாம். வெளிநாட்டில் ஆர்டர் கொடுக்க யோசிப்பவர் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். தளத்தைச் செய்துகொடுத்தவருக்கு போன் போகிறது. “பேக்கப் இருக்கு சார், பயப்படாதீங்க” என்கிறார். பயப்பட வேண்டிய இடமே அதுதான்.

சாயம் ஏற்றி ஃபினிஷிங் முடித்த தோலை மறுபடி வெட் ப்ளூ ஆக்க முடியாது. இணையதளத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப முடியும்; அந்த நிலையை யாராவது ஒழுங்காக எடுத்து வைத்திருந்தால்.

எடுத்து வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கை பெரிய நிறுவனங்களையே கவிழ்த்திருக்கிறது. உலகெங்கும் மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் கிட்லேப். 2017 ஜனவரி 31 இரவு, கோளாறு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த அதன் பொறியாளர், ஒரு சர்வரில் அழிக்க வேண்டியதை வேறொரு சர்வரில் அழித்துவிட்டார். சட்டென்று நிறுத்தினார்; அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்புக்குப் பல ஏற்பாடுகள் இருந்தன. தினசரி நகல் போய்ச்சேர வேண்டிய இடத்தைத் திறந்தால், காலி! நகலெடுக்கும் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேஸ் பதிப்போடு பொருந்தாததால் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச்சேரவில்லை. 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்திருந்த நகல்தான் கடைசியில் தளத்தைக் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் போனது போனதுதான்.

நகல் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தபோது, தளமும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். மறுபக்கம், டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23 அன்று சைபர் தாக்குதலில் சர்வர்கள் முடங்கி, நாள்கணக்கில் எல்லாம் கையால் எழுதப்பட்டன. ஆனாலும், பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்து இ-ஹாஸ்பிட்டல் தரவுகள் மீட்கப்பட்டன.

சிறு நிறுவனங்களின் தளங்கள் பலவும் வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகின்றன. அதில் படங்கள், டிசைன் எல்லாம் கோப்புகளில். எழுத்து, தயாரிப்பு விவரம், வந்த விசாரணைகள் எல்லாம் டேட்டாபேஸில். ஒன்றை மட்டும் எடுத்து வைத்தால் பாதி வீடுதான். இரண்டும் ஒரே தேதியில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒரு நகல் ஹோஸ்டிங்குக்கு வெளியே, அலுவலக ஹார்டு டிஸ்க்கிலாவது இருக்கட்டும்.

திரும்பக் கொண்டுவரும்போது அவசரம் கூடாது. முதலில், கெட்டுப்போன தளத்தையே ஒரு நகல் எடுக்க வேண்டும். பழைய பேக்கப்புக்குப் பிறகு வந்த விசாரணைகள் அதில்தான் இருக்கும். ஹேக் ஆன தளம் என்றால் நேற்றைய நகலிலும் அதே கிருமி இருக்கலாம். அதனால் சில மாதங்களின் நகல்களை வைத்திருப்பது நல்லது. பழைய பதிப்பு வந்தால் பழைய ஓட்டையும் கூடவே வரும். அதை அடைத்து, எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிய பிறகே தளத்தைத் திறக்க வேண்டும்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது. கம்பெனி மெயிலும் அதே ஹோஸ்டிங் கணக்கில் இருந்தால், முழுக் கணக்கையும் பின்னோக்கித் திருப்பும்போது நடுவில் வந்த மெயில்களுக்கு ஆபத்து உண்டு. எல்சி திருத்தமும் ஷிப்மென்ட் தேதியும் அந்த மெயில்களில்தான் கிடக்கும். தளத்தை மட்டும் தனியாகத் திருப்பச் சொல்ல வேண்டும்.

ஆகவே, முதலாளி கேட்க வேண்டியது “பேக்கப் இருக்கா?” என்றல்ல. “கடைசியா எப்போ ரீஸ்டோர் பண்ணிப் பாத்தீங்க? ஹோஸ்டிங் பாஸ்வேர்டு யார் கையில இருக்கு?” என்றுதான். இரண்டுக்கும் உடனே பதில் வராவிட்டால், இந்த வாரமே ஒரு சோதனைத் தளத்தில் அந்த நகலை ஏற்றிக் காட்டச் சொல்லலாம்.