எண்ணூர் வாயுவும் ஜவ்வாது மலைச் சாமையும்

பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி வரை குளிர்விக்கப்பட்டுத் திரவமான இயற்கை வாயு, அந்நிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்து எண்ணூரில் இறங்குகிறது. வருஷத்துக்கு 50 லட்சம் டன் ஏற்கக்கூடிய அந்த நிலையம் 2019-ம் வருஷத்தில் திறக்கப்பட்டது. அதே வருஷத்தில் மணலி உரத் தொழிற்சாலை நாப்தாவைக் கைவிட்டு இந்த வாயுவுக்கு மாறிற்று. ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் குடியானவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் வினவலாம். சம்பந்தம் உண்டு. அதைச் சர்க்கார் கவனியாதிருப்பதே நமது குறை.

தேசம் உபயோகிக்கும் இயற்கை வாயுவில் ஏறக்குறைய பாதி இறக்குமதியாகிறது. அதில் பெரும் பங்கு யூரியா உற்பத்திக்குப் போகிறது. இந்த வாயுவின் விலையோ நம் கையில் இல்லை. 2020-ல் ஆசியச் சந்தையில் பத்து லட்சம் உஷ்ண அலகுக்கு 2 டாலருக்கும் கீழே கிடந்தது; உக்ரேன் யுத்தம் மூண்ட 2022-ல் 70 டாலரையும் தாண்டிற்று. ஆயினும் உழவனுக்கு 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள்ளாகவே கிடைத்தது. வித்தியாசத்தைக் கொடுத்தது பொக்கிஷம். 2022-23-ல் உர மானியம் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய்! நெல் விளைவிப்போருக்குக் கிடைக்கும் இந்தச் சகாயத்தை நாம் ஆட்சேபிக்கவில்லை. 2024 பிப்ரவரியில் கத்தார் தேசத்துடன், 2028 முதல் இருபது வருஷத்துக்கு ஆண்டுதோறும் 75 லட்சம் டன் வாங்க உடன்படிக்கை செய்ததையும் குறை கூறோம். அன்றாடச் சந்தையில் அகப்பட்ட விலைக்கு வாங்குவதைவிட அது மேலானதே. ஆனால் இறக்குமதியின் தேவையைக் குறைக்கும் பயிருக்கு என்ன செய்தார்கள்?

சாமை வானம் பார்த்த பயிர். மேட்டு நிலத்தில், சொற்ப எருவில், யூரியா மூட்டையை அதிகம் நாடாமலே விளைவது. மலையாளிகள் என்னும் மலைவாழ் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக இதனை விதைத்து வருகின்றனர். கப்பல் வாயு வேண்டாத தானியம் இது. இதற்குக் கிடைக்கும் மரியாதையைப் பாருங்கள். 2025-26-ம் பருவத்துக்கு மத்திய சர்க்கார் வெளியிட்ட ஆதரவு விலைப் பட்டியலில் நெல் உண்டு, சோளம், கம்பு, கேழ்வரகு உண்டு. சாமைக்கென்று ஒரு விலை இல்லை. இந்தியாவின் யோசனைப்படி ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடியது! டில்லியில் விருந்துகள் நடந்தன. விருந்தினர் உண்டது எந்த மலைத் தானியமோ, நாம் அறியோம்.

சாமை நெல்லைப் போல் குவியாது என்பர் சிலர். மெய்தான். ஆனால் அந்தச் சரிவுகளில் நெல்லா விளையப்போகிறது? சாமையை விட்டால் மலைவாசி நிலத்தையே விட்டுக் கூலிக்கு இறங்க வேண்டியதுதான். 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசல வனத்தில் ஆந்திரப் போலீஸாரின் துப்பாக்கிக்கு இரையான 20 பேரில் ஜவ்வாது மலைவாசிகளும் இருந்தனர். செம்மரம் வெட்டும் கூலி அவர்களை அவ்வளவு தூரம் இழுத்தது. வயலில் கூலி கட்டியிருந்தால் அவர்களில் எத்தனை பேர் அந்த வனத்துக்குப் போயிருப்பார்கள்?

ஆகவே, யூரியாவின் மூலம் அந்நிய வாயுவுக்குச் செலவிடும் மானியத்தில் ஒரு சிறு பங்கையேனும் யூரியா வேண்டாத பயிருக்குத் திருப்ப வேண்டும். சாமைக்குத் தனி ஆதரவு விலையை அடுத்த பட்டியலிலேயே மத்திய சர்க்கார் அறிவிக்கட்டும். சென்னை சர்க்கார் ஜமுனாமரத்தூரில் நேரே கொள்முதல் செய்து, உமி நீக்கும் யந்திரங்களை மலைமேலேயே பெருக்கி, அந்த அரிசியைத் திருவண்ணாமலை, திருப்பத்தூர் ஜில்லாக்களின் பள்ளிச் சத்துணவிலும் மாணவர் விடுதிகளிலும் சேர்க்கட்டும். இரு ஜில்லாக்களின் சட்டசபை அங்கத்தினர்களும் அடுத்த விவசாய பட்ஜெட் விவாதத்தில் இதை எழுப்புவார்களா?