பாழ்நிலம் என்று பெயரிட்டவர் யார்?

இராஜஸ்தானின் மேற்கே, தார்ப் பாலைவனத்தில், 'ஓரண்' எனப்படும் பொதுநிலங்கள் உள்ளன. ஊர்த் தெய்வத்தின் பெயரால் முன்னோர் ஒதுக்கி வைத்தவை அவை. அங்கு மரத்தின்மேல் கோடரி படலாகாது. ஆனால் ஆடும் மாடும் ஒட்டகமும் மேயலாம். மழைநீர் தேங்கும் இடமும் கால்நடைக்கு நிழலும் அவையே. அதே மாநிலத்தில், ஜோத்பூருக்கு அருகே கேஜர்லியில், வன்னி மரங்களைக் காக்க 1730இல் அமிர்தா தேவி முதலான 363 பிஷ்னோய் மக்கள் உயிர் ஈந்தனர்.

ஆனால் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் இந்நிலங்கள் பலவற்றுக்கு உள்ள பெயர் என்ன? 'பாழ்நிலம்'! ஏட்டில் பாழ் என்று எழுதிவிட்டால், எடுத்துக் கொடுப்பது எளிதாகிவிடுகிறது. சூரிய மின் நிலையங்களுக்கும் காற்றாலைகளுக்கும் உயர் அழுத்த மின்கம்பிகளுக்கும் இன்று நிலம் தேவை. அக்கம்பிகளில் மோதி மடியும் கானமயில்களோ 200க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன.

"சூரிய மின்சாரம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும்; மறுப்பாரில்லை. ஆனால் அதன் விலையை ஆடு மேய்ப்பவன் மட்டும் ஏன் செலுத்த வேண்டும்? தூய்மையான ஒளிக்காக ஏழையின் மேய்ச்சல் நிலத்தைப் பறிப்பது எவ்வகைத் தூய்மை?

அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. ஜெய்சல்மேர்ப் பகுதியில் ஓரண்களைக் காக்க நடைப்பயணம் சென்றனர்; மனு அளித்தனர்; நீதிமன்றம் ஏறினர். 2024 டிசம்பர் 18இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய புனிதக் காடுகளை அளந்து, வரைபடமிட்டு, சட்டப் பாதுகாப்பு அளிக்குமாறு இராஜஸ்தான் அரசைப் பணித்தது. அத்தீர்ப்பு பிறந்த கோதவர்மன் வழக்கு, 1995இல் நம் நீலகிரியின் கூடலூர்க் காடுகளுக்காகத் தொடுக்கப்பட்டது என்பது நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி.

"அவை பிற சமயத்தாரின் தெய்வக் காடுகள், நமக்கென்ன?" என்போரும் நம்மிடையே உண்டு. அவர்கள் விவிலியத்தைத் திறக்கட்டும். மோசே மிதியடியைக் கழற்றிய புனித நிலம் எது? கோவில் முற்றமா? ஆடு மேய்க்கச் சென்ற பாலைநிலம்! திருமுழுக்கு யோவானின் குரல் எழுந்ததும், நம் ஆண்டவர் நாற்பது நாள் நோன்பிருந்ததும் அங்கேதான். இறைவன் பேசிய இடத்தைப் பாழ் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? பழங்குடி மக்களுக்கு நிலம் விற்பனைப் பொருளன்று, இறைவனும் முன்னோரும் தந்த கொடை என்று 2015ஆம் ஆண்டின் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதியதும் இதனாலன்றோ?

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விரும்பிய ஆகாபு, அதற்கு விலை கொடுக்கவும் முன்வந்தான். மூதாதையரின் உரிமைச் சொத்தை விற்க மறுத்ததே நாபோத்தின் குற்றம். பழியைச் சுமத்தப் பொய்ச்சாட்சிகள் கிடைத்தனர். இன்று அந்தப் பொய்ச்சாட்சியைப் பதிவேடே சொல்லிவிடுகிறது.

தாரின் மணல் தொலைவில் இருக்கலாம். ஆனால் 'புறம்போக்கு' என்ற சொல் நம் ஊரில் வசைச்சொல்லாகிவிட்டதே! நாளை நம் பங்கின் தேவைக்காகவே ஒரு மேய்ச்சல் புறம்போக்கைக் கேட்கும் வாய்ப்பு வந்தால், யார் பக்கம் நிற்போம்? ஆகாபின் பக்கமா, நாபோத்தின் பக்கமா? விடையை ஆலயத்திற்குள் சொல்லிப் பயனில்லை. கிராம சபையில் எழுந்து நின்று சொல்வோம்.